திறப்பும் ஏடும்

மலர்க் குழுவினர் எம்மை அணுகி, "உங்கள் காலத்துக் கல்லூரியைப் பற்றி ஏதேனும் எழுதித் தாருங்கள்" என்று கேட்டபோது நாம் சற்றே தயங்கினோம். துடுப்பாட்டத்தில் நூறு ஓட்டம் குவித்தவர்களும், நாடக மேடையில் அரசராய் வீற்றிருந்தவர்களும், விவாத அரங்கில் வென்று மீண்டவர்களும் எழுத வேண்டிய மலர் இது. நாமோ பந்து பொறுக்கி வந்த வகையினர். நாடகத்தில் திரை இழுத்தவர்கள். பிற்காலத்திலும் திரைக்குப் பின்னேயே தொழில் வாய்த்தது. கணினிச் சேவையகங்களைக் காவல் செய்வதே முப்பதாண்டு காலம் நாம் செய்த உத்தியோகம். அவை ஒழுங்காக ஓடும்வரை எம்மை எவரும் நினைப்பதில்லை; நின்றுவிட்டாலோ எம்மையன்றி வேறெவரையும் நினைப்பதில்லை.

ஆயினும் அத்தொழிலின் இரண்டு அடிப்படைப் பாடங்களை நாம் கற்றது எந்தப் பல்கலைக்கழகத்திலுமன்று; நமது கல்லூரிக் கந்தோரிலும், கொட்டாஞ்சேனையில் எமது அம்மான் நடத்திய கடையிலுமே. கற்ற பாடத்தை ஒருமுறை மறந்து, அதனால் தலைகுனிய நேர்ந்த வரலாறும் உண்டு. அதனையே இங்கு எழுதத் துணிந்தோம்.

கல்லூரிக் கந்தோரின் சுவரில் ஒரு பலகை தொங்கியதை எம் வயதினர் மறந்திருக்கமாட்டார்கள். அதிலே வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஒரு திறப்பு. ஆய்வுகூடத் திறப்பை ஆசிரியர் மட்டுமே எடுக்கலாம். விளையாட்டுப் பொருள் அறையின் திறப்பை மாணவ முதல்வர் எடுக்கலாம். நூலகத்தினுள் எவரும் புகலாம். ஆனால் புத்தக இடாப்பில் எழுதுபவர் நூலகர் ஒருவரே. அதிபரின் மேசையிலோ சம்பவத் திரட்டுப் புத்தகம் இருந்தது. இன்ன நாளில் இன்னார் வந்தார், இன்னது நிகழ்ந்தது என்று அதிலே மையினால் எழுதப்படும். எழுதியதை அழிப்பதில்லை, பிழையாயின் ஒரு கோடு கீறி அருகிலே திருத்தி ஒப்பமிடுவதே வழக்கம். "ஏன் சேர் அழிறப்பரால் அழிக்கக்கூடாது?" என்று நாம் ஒருநாள் கேட்டோம். "தம்பி, பிழையும் நடந்த சம்பவந்தானே" என்று கந்தோர் லிகிதர் விடை கூறினார். அவ்விடையின் ஆழம் அன்று எமக்கு விளங்கவில்லை.

விடுமுறை நாள்களில் வெள்ளவத்தையிலிருந்து பேருந்து ஏறிக் கொட்டாஞ்சேனைக்குச் செல்வோம். ஜம்பட்டா வீதிக்கு அண்மையில் அம்மானுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அங்கும் அதே ஒழுங்கு. காசு லாச்சியின் திறப்பு அம்மானின் இடுப்பில். நாளேட்டில் எழுதும் உரிமை கணக்கப்பிள்ளைக்கு. கடைப்பையன்கள் பார்த்துச் சாமான் கட்டலாம், எழுதலாகாது. வாடிக்கையாளர் ஏட்டைக் காணவே வேண்டுவதில்லை. சித்திரை வருடப்பிறப்பன்று மஞ்சள் பூசிய புதிய ஏட்டிலே புதுக்கணக்கு எழுதப்படும். பழைய ஏடு கயிற்றாற் கட்டப்பெற்று, ஆண்டு குறித்த துண்டு ஒட்டப்பெற்று, வெள்ளவத்தையில் எமது வீட்டுப் பரணுக்கு வந்துசேரும். பரணில் இடம் போதாதபோது மிகப் பழையது மட்டும் கழிக்கப்படும். "கடையிலே இந்த வருசத்து ஏடு மட்டும் இருந்தாற் போதும்; எல்லா ஏட்டையும் மேசையிலே குவித்தால் எழுத இடம் ஏது?" என்பார் அம்மான்.

1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்திலே அந்தக் கடை எரிந்தது. காசு லாச்சியும் போயிற்று; அவ்வாண்டு நாளேடும் போயிற்று. எமது வீடு தப்பியமையால் பரணிலிருந்த ஏடுகளும் தப்பின. முகாமிலிருந்து மீண்ட அம்மான் அவற்றை விரித்துவைத்து, முந்திய ஆண்டுவரை யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரிடம் என்ன வரவேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினார். கொடுக்க வேண்டியவற்றையே முதலில் எழுதினார் என்பதை நாம் அருகிலிருந்து கண்டோம். அப்பட்டியலை வைத்துக்கொண்டே அவர் மறுபடியும் தொழில் தொடங்கினார்.

பிற்காலத்தில் யூனிக்ஸ், லினக்ஸ் என்னும் இயக்க முறைமைகளைக் கற்கப் புகுந்தபோது, திறப்புப் பலகையும் கணக்கேடும் அங்கே எமக்காகக் காத்திருக்கக் கண்டோம். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கியது யூனிக்ஸ். அதன் வழிவந்த முறைமைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகையினர் உளர்: உரிமையாளர், அவர்தம் குழுவினர், ஏனையோர். ஒவ்வொரு வகையினர்க்கும் மூன்று அனுமதிகள் வழங்கப்படலாம்: படித்தல், எழுதுதல், இயக்குதல். படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என எண் வைத்துக் கூட்டினால் ஒவ்வொரு வகையினர்க்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. அம்மானின் நாளேட்டுக்கு இதனினும் பொருத்தமான இலக்கம் இல்லை. 777 என்றாலோ, எல்லார்க்கும் எல்லாம்: திறப்புப் பலகையைத் தெருவிலே தொங்கவிட்டதற்கு ஒப்பு.

இதிலே மாணவர் பலர் தவறவிடும் நுட்பம் ஒன்றுண்டு. கோப்பு இருக்கும் இடத்தை அடைவு என்போம். ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அக்கோப்பின் அனுமதியைப் பொறுத்ததன்று. அது கிடக்கும் அடைவின் அனுமதியைப் பொறுத்தது. ஏட்டிலே ஓரெழுத்தும் எழுத உரிமையில்லாத ஒருவன், அலுமாரியில் கைவைக்க உரிமை பெற்றிருந்தால், ஏட்டையே தூக்கி எறிந்துவிடலாம். ஆகவே ஏட்டுக்குப் பூட்டுப் போடுபவர் அலுமாரியை மறத்தலாகாது.

இனி ஏட்டின் கதை. சேவையகத்தில் ஓடும் ஒவ்வொரு செயலியும் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறித்துக்கொண்டே இருக்கும். இன்ன நொடியில் இன்னார் வந்தார், இன்னது கேட்டார், கொடுத்தேன், மறுத்தேன், தவறினேன் என்று எழுதும் அந்தப் பதிவேட்டைத் தொழிலில் 'லொக்' என்போம். அது கல்லூரியின் சம்பவத் திரட்டேயன்றி வேறன்று. ஆனால் ஓர் அதிபர் நாளொன்றுக்கு நாலு வரி எழுதுவார். செயலியோ நொடிக்கு நூறு வரி எழுதும். கவனியாது விட்டால் ஒரே ஏடு வளர்ந்து வளர்ந்து வட்டு முழுவதையும் விழுங்கிவிடும். வட்டு நிரம்பிய சேவையகம் எழுத இடமின்றி நின்றுவிடும்.

இதனைத் தடுப்பதே பதிவேட்டுச் சுழற்சி. றெட் ஹற் நிறுவனத்தில் எரிக் ட்ரோன் என்பார் எழுதிய 'லொக்றொட்டேற்' என்னும் சிறு செயலி லினக்ஸ் சேவையகங்களிலே இப்பணியை இன்றும் செய்து வருகின்றது. குறித்த காலத்தில் அது நடப்பு ஏட்டுக்கு 1 என்று இலக்கமிட்டு ஒதுக்கும்; பழைய 1 ஐ 2 ஆக்கும்; 2 ஐ 3 ஆக்கும்; கடைசியைக் கழிக்கும்; ஒதுக்கியவற்றைச் சுருக்கிக் கட்டும்; வெறுமையான புதிய ஏடொன்றைத் திறந்து, இன்னார் உரிமையாளர், 640 அனுமதி என்று ஒப்படைக்கும். பின்னர், "பழையதை விடு, புதியதைப் பிடி" என்று செயலிக்கு ஒரு குறிப்புணர்த்தும். வாரம் ஒருமுறை சுழற்றி நாலு வாரத்து ஏடுகளைக் காத்தல் பல சேவையகங்களில் வழக்கம். சித்திரைப் புதுக்கணக்கு அங்கே வாரந்தோறும் நடைபெறுகின்றது!

இவையெல்லாம் எங்கோ மேனாட்டில் நடப்பவை என்று மாணவர் எண்ண வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிஹான் டயஸ் 1990 இல் தொடங்கிய 'எல்கே' இணையப் பெயர்ப் பதிவகமும் சேவையகத்தால் இயங்குவதே. 2004 மார்கழிக் கடற்கோளின் பின், இடம்பெயர்ந்தோரையும் காணாமற் போனோரையும் பதிவதற்காக 'சஹானா' என்னும் செயலியை இந்நாட்டுத் தன்னார்வலரே எழுதினர். அது பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது. 2005 இல் சஞ்சீவ வீரவரண முதலியோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தின் சேவையகச் செயலிகள், கொழும்பிலே எழுதப்பட்டு உலகின் பல பாகங்களிலும் ஓடுகின்றன. அவை ஒவ்வொன்றின் அடியிலும் ஏடு உண்டு. ஏட்டுக்குத் திறப்பும் உண்டு.

இனி எமது தலைகுனிவுக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கோட்டைப் பகுதியிலுள்ள ஒரு கந்தோரிலே சேவையகப் பிரிவுக்கு நாம் பொறுப்பாக இருந்தோம். எமக்குக் கீழ் இளைஞர் ஒருவர் பணிபுரிந்தார். அவரும் நமது கல்லூரியின் மாணவரே. எமக்குப் பல ஆண்டுகள் இளையவர். கந்தோரிலே எம்மை 'சேர்' என்பார். மின்தூக்கியை விட்டு இறங்கியதும் 'அண்ணை' என்பார். வாரந்தோறும் பதிவேடுகளை மேற்பார்வை செய்வது அவருடைய கடமைப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது.

அன்று ஆடிவேல் விழா. செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட வேல் இரதம் பம்பலப்பிட்டிக்கு வந்துசேரும் நாள். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போவதாக வாக்களித்திருந்தோம். மாலை ஐந்து மணியளவில், கட்டணம் பெறும் செயலியின் புதிய பதிப்பை நிறுவி, அது ஓடுகின்றதா எனச் சோதிக்க, நிருவாகியின் முழு அதிகாரத்தோடு ஒருமுறை கையாலே இயக்கினோம். அதனால் பதிவேட்டின் உரிமை நிருவாகியின் பெயருக்கு மாறிவிட்டது. பின்னர் வழமைபோல் இயக்கியபோது, செயலி தன் ஏட்டிலே தானே எழுத முடியாமல் நின்றது. செய்ய வேண்டியது ஒரு வரிக் கட்டளை: ஏட்டை உரியவனுக்கு மீட்டுக் கொடுத்தல். நாமோ கடிகாரத்தைப் பார்த்தோம். 'சீஎச்மொட்' என்னும் அனுமதி மாற்றும் கட்டளையால், பதிவேட்டு அடைவு முழுவதற்கும் 777 என்று கொடுத்தோம். செயலி ஓடிற்று. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று எழுந்தோம். அந்த நாளை வரவேயில்லை.

லொக்றொட்டேற் எச்சரிக்கை மிகுந்த செயலி. எவரும் எழுதத்தக்க அடைவினுள், நிருவாகியின் அதிகாரத்தோடு அது கைவைக்காது. அத்தகைய இடத்தில் எவனாவது ஒருவன் போலி ஏட்டை வைத்து, அதிகாரமுள்ளவனைக் கொண்டே வேறொரு கோப்பைக் கெடுக்கச் செய்யலாம் அன்றோ? ஆகவே, "இவ்வடைவின் அனுமதி பாதுகாப்பற்றது, இதனைத் தவிர்க்கின்றேன்" என்று எழுதிவிட்டு அப்பாற் சென்றுவிடும். அவ்வாறே அது நாள்தோறும் எழுதியது. அக்கடிதங்கள் நிருவாகியின் அஞ்சற்பெட்டிக்கே வந்தன. அப்பெட்டியைத் திறந்து பார்ப்பவர் அக்கந்தோரில் எவருமிலர். நிருவாகி என்பவர் நாமே என்பதை இங்கு சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏழு வாரங்கள் கழிந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கட்டணம் பெறும் கருமபீடங்கள் யாவும் ஒருங்கே நின்றன. வட்டு நிரம்பிவிட்டது. வாசல்வரை வரிசை நின்றது. முகாமையாளர் எமது முதுகின் பின்னே நின்றார். அளவுகடந்து வீங்கிய அந்த ஏட்டை அழிக்க நாம் விரைந்தோம். இளைஞர் எம்மைத் தடுத்து, "சேர், ஒரு நிமிசம்; தொடமுதல் உள்ளதை உள்ளபடி எழுதிப்போட்டு, ஏட்டின்ரை ஒரு பிரதியையும் வேறை இடத்திலை வைப்பம்" என்றார். எழுதுவதற்கு ஒரு நிமிடம் போதும். பிரதி எடுப்பதற்கோ நேரமாகும். எழுத மட்டும் விட்டோம். அவர் தம் கொப்பியிலே அடைவின் அனுமதி, உரிமை, நேரக் குறிப்புகள் யாவற்றையும் எழுதினார். நாம் ஏட்டை அழித்தோம்.

அழித்தும் இடம் மீளவில்லை! செயலி அவ்வேட்டைத் திறந்தபடியே பிடித்திருந்தது. அலுமாரிப் பட்டியலில் ஏட்டின் பெயரை வெட்டிவிட்டாலும், கணக்கப்பிள்ளையின் கையிலுள்ள ஏடு மறைந்துவிடாதன்றோ? அவர் கைவிட்ட பின்னரே இடம் காலியாகும். செயலியை நிறுத்தி மறுபடி இயக்கினோம். வட்டு வெளித்தது, வரிசை நகர்ந்தது, ஏழு வாரத்துப் பதிவு மட்டும் என்றென்றைக்கும் மறைந்தது.

அன்று பிற்பகலே விசாரணை. பதிவேடுகளை மேற்பார்வை செய்வது யார் கடமை? பட்டியல் இளைஞரின் பெயரைச் சொல்லிற்று. அவருடைய உத்தியோகம் உறுதிப்படுத்தப்பெறாத காலம் அது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோவையில் ஏறினால் உறுதிப்பாடு தவறிவிடும். "கவனக்குறைவு" என்று முகாமையாளர் குறித்துக்கொண்டபோது, நாமும் தலையசைத்தோம். பொய்யென்று அறிந்து அசைத்தோமல்லோம். ஆடிவேலன்று செய்ததை உண்மையாகவே மறந்திருந்தோம். மறதி குற்றத்தைக் குறைக்குமா என்பதை நேயர்களே தீர்மானிக்க.

அறிக்கை எழுதுவதற்கென இளைஞரின் கொப்பியை அன்றிரவு வீட்டுக்குக் கொண்டு சென்றோம். ஒவ்வொரு கோப்புக்கும் அடைவுக்கும் முறைமை மூன்று நேரங்களைக் காத்துவரும்: இறுதியாகப் படித்த நேரம், உள்ளடக்கம் மாறிய நேரம், அனுமதி முதலிய நிலை மாறிய நேரம். சுழற்சி நடந்திருந்தால் அடைவிலே வாரந்தோறும் புதுப்பெயர்கள் ஏறி, அந்த மூன்றாம் நேரமும் மாறிக்கொண்டே வந்திருக்கும். சுழற்சி நின்றமையாலேயே அது அசையாமல் நின்றிருந்தது. கொப்பியில் அந்நேரம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: ஆடிவேல் நாள், மாலை 5 மணி 42 நிமிடம்.

கடற்கரையோரம் கடைசிப் புகையிரதம் கடந்து சென்ற ஓசையைக் கேட்டோம். அதன் பின்னரும் நெடுநேரம் உறக்கம் வரவில்லை. அந்த நாழிகையிலே அந்தக் கட்டளையை இட்டவர் யார் என்பதைக் காட்டும் வேறு பதிவு எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அதிகாரக் கட்டளைகளைக் குறிக்கும் ஏடு நாலு வாரச் சுழற்சியிலே கழிந்துபோயிற்று. அழிக்கப்பட்ட பின்னர் அடைவின் நேரமும் மாறிவிட்டது. மீந்தது ஒரு கொப்பியும் எமது நினைவுமே. கொப்பியை எழுதியவருக்கு அதன் பொருள் விளங்கவில்லை என்று எண்ணிக்கொள்ளவும் மனம் ஒருகணம் விரும்பிற்று. அப்போது கந்தோர் லிகிதரின் சொல் நினைவுக்கு வந்தது: பிழையும் நடந்த சம்பவந்தானே.

மறுநாட் காலை முகாமையாளரிடம் சென்று நடந்ததைச் சொன்னோம். எச்சரிக்கைக் கடிதம் எமது பெயருக்கு மாற்றி எழுதப்பட்டது; அது முறையே. மாலையில் கோட்டைப் புகையிரத நிலையத்தில் இளைஞரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம்.

"அந்த நேரத்தைக் கொப்பியிலை எழுதேக்கையே எனக்கு விளங்கிப்போச்சு, அண்ணை. அண்டைக்கு நான் மத்தியானமே லீவு எடுத்துப்போட்டுப் போனனான்" என்றார் அவர்.

"பின்னை ஏன் விசாரணையிலை சொல்லேல்லை?"

"கொப்பியை உங்கடை கையிலைதானே தந்தனான்."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை. எம்மாலும் பேச முடியவில்லை. எம்மை நம்பித் தந்தாரா, சோதித்துத் தந்தாரா என்று இன்றுவரை நாம் கேட்கவுமில்லை. கொப்பியை விரியாமலே அறிக்கை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே எம்மை இன்றும் உறுத்துவது.

அழிந்த ஏட்டுக்கும் விலை கொடுக்க நேர்ந்தது. சில மாதங்களின் பின் மூதாட்டி ஒருவர், தாம் இருமுறை பணம் கட்டியதாகப் பற்றுச்சீட்டின்றி வந்து முறையிட்டார். உண்டென்றும் இல்லையென்றும் சொல்ல எம்மிடம் பதிவில்லை. கந்தோர் பணத்தைக் கொடுத்தது. ஆனால் அவர் வேண்டியது பணமன்று. தாம் பொய் சொல்லவில்லை என்ற ஒரு சொல். அதனை ஏடு ஒன்றே சொல்லியிருக்க முடியும்.

தனியொருவர்க்கு நேர்ந்த இது நாட்டுக்கும் நேரும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் முகிற் சேவையகங்கள் கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாகின. அமைச்சரவைக் காரியாலயம் உட்பட, அரசின் அஞ்சல் முகவரிகளைக் கொண்ட அலுவலகங்கள் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. உடன் வைத்திருந்த பிரதியும் தாக்குதலிற் சிக்கிற்று. அக்காலப் பகுதிக்கு வேறிடத்துப் பிரதி இருக்கவில்லை. எமது அம்மானின் பரணை அப்போது எண்ணிக்கொண்டோம்.

மாணவத் தம்பிமாரே, நீவிர் எத்தொழிலுக்குச் சென்றாலும் ஒரு திறப்பும் ஓர் ஏடும் உங்கள் கையில் ஒப்படைக்கப்படும். தேவைக்கு மேற்பட்ட திறப்பை எவர்க்கும் கொடாதீர்; உங்களுக்கே வேண்டாத திறப்பை நீங்களும் வைத்திராதீர். செயலிக்கெனத் தனிப் பெயர் கொடுத்து, அப்பெயரிலேயே அதனை இயக்குங்கள். ஏட்டை உரிய காலத்தில் மாற்றுங்கள். மாற்றிய ஏட்டை வேறிடத்தில் வையுங்கள். வைத்ததை ஒருநாள் எடுத்துப் பார்த்து, படிக்க முடிகின்றதா என்று சோதியுங்கள். பிறர் செய்திகள் அடங்கிய ஏட்டை வேண்டிய காலத்துக்கு மேல் வைத்திராதீர். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனையே கூறுகின்றது. எச்சரிக்கைக் கடிதங்கள் வந்துசேரும் பெட்டி யாருடையது என்று கேட்டறியுங்கள். அது உங்களுடையதாயின், திறந்து பாருங்கள்.

அவ்விளைஞர் இன்று வேறொரு நிறுவனத்தில் எம்மைக் காட்டிலும் உயர்ந்த பதவி வகிக்கின்றார். விடுமுறைக்கு வந்தால் வெள்ளவத்தையில் எம்மைக் காணாது போவதில்லை. அந்தக் கொப்பியை எம்மிடமே விட்டுவிட்டார். அதன் மட்டையிலே நமது கல்லூரியின் இலச்சினை அச்சிடப்பட்டிருக்கின்றது. பழைய மாணவர் விழாவொன்றில் அவருக்குக் கிடைத்ததாம்.

கல்லூரி எமக்குத் தந்தவை பல. உள்ளதை உள்ளபடி எழுதும் பழக்கத்தை அது எமக்குப் பின்வந்தவருக்கும் தந்திருந்தது. அதனால் நாம் காப்பாற்றப்பட்டோம். நமது கல்லூரி நீடூழி வாழ்க!